நிற்க ஒரு காரணம், உட்கார ஓர் இடம்

வாசகர் கேள்வி – பதில்

கடைவீதிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வேலூர், காட்பாடி, வாலாஜாப்பேட்டை வட்டாரத்திலிருந்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஊரின் நடுப்பகுதிக்கு மக்களை மறுபடியும் எப்படி வரவழைப்பது, வந்தவர்களைக் கொஞ்ச நேரமாவது எப்படித் தங்க வைப்பது என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் உட்பொருள். அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலர் பெயரைத் தவிர்க்கச் சொல்லியிருப்பதால் எல்லோரையுமே இடத்தாலும் தொழிலாலும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, லாங்கு பஜாரில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். பெரிய கடைகள் சத்துவாச்சாரிப் பக்கமும் காட்பாடிப் பக்கமும் போய்விட்டன. மற்றதையெல்லாம் மக்கள் கைப்பேசியில் வாங்கிக்கொள்கிறார்கள். வீதியின் தொடக்கத்தில் ஓர் அலங்கார வளைவும் வண்ண விளக்குகளும் வைக்கலாம் என்று எங்கள் வியாபாரிகளிடையே பேச்சு இருக்கிறது. வெளிநாட்டு ஊர்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்?
— பாத்திரக் கடைக்காரர், லாங்கு பஜார்

பதில்: உங்கள் கவலை வேலூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சிற்றூர்க் கடைவீதிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே நிலைக்கு வந்தன. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் பெரிய வணிக வளாகங்கள் எழுந்தவுடன் நடு ஊரில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் அன்று பல ஊர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்தாக இருந்தது. அப்போது வரலாற்றுக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான தேசிய அறக்கட்டளை 1977-இல் இல்லினாய்ஸின் கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் மூன்று சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. கட்டடத்தை இடிக்காமல், ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரை அமர்த்தி, வியாபாரிகள், வீட்டுக்காரர்கள், நகராட்சி மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கடைமுகப்பைச் சீர்செய்வதிலிருந்து வீதித் திருவிழா வரை எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் செய்து பார்த்தார்கள். அமைப்பு, விளம்பரம், தோற்றம், பொருளாதாரம் என்ற நான்கும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முறை. சோதனை பலித்ததால் 1980-இல் அது நாடு தழுவிய திட்டமாக விரிந்தது.

நீங்கள் சொல்லும் வளைவும் விளக்கும் அந்த நான்கில் ஒன்றான தோற்றத்துக்குள் அடங்கிவிடுகின்றன, அதிலும் ஒரு மூலைக்குள். வளைவைப் பார்ப்பதற்காக ஒருவர் ஒருமுறை வருவார். மறுமுறை வருவதற்கு அவருக்கு வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்தை உருவாக்கும் கலை உங்கள் வீதிக்குத் தெரியாத ஒன்றும் அன்று. சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரில் புஷ்பப் பல்லக்குகள் வருகின்றனவே, அவற்றை நடத்துவது யார்? மண்டி வீதி, லாங்கு பஜார் வியாபாரிகள் சங்கங்களும் கோயில்காரர்களும்தாம். பல்லக்கு ஜோடிப்பவரை அழைத்து வருவது, பூவுக்கு முன்பணம் கொடுப்பது, மின்கம்பியில் உரசாமல் பல்லக்கைத் திருப்புவதற்கு ஆள் நிறுத்துவது, காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது, விடிந்ததும் வீதியைக் கூட்டுவது என்று அத்தனையையும் வியாபாரிகளே பங்கு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். சாதாரண நாளில் பஜார் பக்கம் எட்டிப் பார்க்காத சத்துவாச்சாரிக் குடும்பங்கள்கூட அன்றிரவு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை நிற்கின்றன. மேலாளர், குழு, நிதி, விழா என்று அமெரிக்கர்கள் திட்டம் போட்டுக் கற்றுக்கொண்டதை நீங்கள் ஆண்டுக்கு ஓர் இரவு தூக்கக் கலக்கத்திலேயே செய்துவிடுகிறீர்கள். மற்ற 364 நாள்களுக்கு அந்தக் குழு கலைந்துவிடுவதுதான் குறை. பல்லக்குக் குழுவைக் கலைக்காமல் வைத்திருங்கள். மாதம் ஒரு மாலை, பௌர்ணமியன்றே இருக்கட்டும், கடைகளை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்து, வீதிக்கு ஒரு நிகழ்ச்சி வையுங்கள். உங்கள் கடையில் பழைய பித்தளைக்கு ஈயம் பூசுபவர் யாராவது இன்னும் இருந்தால் அவரை வாசலில் உட்கார வைத்து ஈயம் பூசச் சொல்லுங்கள். கைப்பேசியில் வாங்க முடியாத காட்சி அது. ஈயம் பூசும்போது எழும் அந்த நவச்சார வாசனையே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

கேள்வி: மாலை நேரத்தில் மண்டி வீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியவில்லை. சில மணி நேரமாவது வாகனங்களை நிறுத்தினால் என்ன என்று கேட்டால், "வண்டி வரவில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும்" என்கிறார்கள் கடைக்காரர்கள். யார் சொல்வது சரி?
— ஆசிரியை, சத்துவாச்சாரி

பதில்: கடைக்காரர்களின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நாளைக்குக் கல்லா காலியானால் நானோ நீங்களோ அதை நிரப்பப் போவதில்லை. ஆனால் அந்த அச்சம் எல்லா ஊரிலும் ஒரே வார்த்தைகளில் ஒலித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்ற கடைவீதியில் 1962 நவம்பரில் கார்களை நிறுத்தினார்கள். வியாபாரிகள் கொதித்தார்கள். இந்தக் குளிர்நாட்டில் இத்தாலியர்களைப் போல வீதியில் உலாவுவதற்கு யார் வருவார்கள் என்று கேலியும் எழுந்தது. நகராட்சி அதைச் சட்டமாக அறிவிக்காமல் சோதனை என்று மட்டுமே சொல்லித் தொடங்கியது. மக்கள் வந்தார்கள், வியாபாரமும் வந்தது, 1964-இல் அது நிலையான ஏற்பாடாயிற்று. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் சாலையின் ஒரு பகுதியை மூடியபோது நல்ல இருக்கைகள் வந்து சேர்ந்திருக்கவில்லை. மலிவான மடக்கு நாற்காலிகளை வாங்கி நடுச்சாலையில் போட்டார்கள். அவ்வளவுதான், ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. மறு ஆண்டு அதையும் நிரந்தரமாக்கினார்கள். முதலில் சோதனை, பிறகு எண்ணிக்கை, கடைசியில்தான் சிமெண்டு என்னும் இந்த வரிசைதான் இரண்டு ஊருக்கும் பொதுவானது. நம் ஊரில் பெரும்பாலும் சிமெண்டு முதலில் வந்துவிடுகிறது.

நம் மாநிலத்திலேயே சென்னை பாண்டி பஜார் இருக்கிறது. 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே சாலையை மறித்து வைத்துச் சோதனையும் பார்த்தார்கள். அங்கே உட்கார இடம் கிடைத்தது, முதியவர்கள் மாலையில் வந்து அமர்ந்தார்கள், கடைகளும் மூடப்படவில்லை. ஆனால் நடைபாதையின் மேலேயே இருசக்கர வாகனங்கள் ஏறி நிற்பதும் அங்கேதான் நடக்கிறது. கட்டிய பிறகு அதைக் காக்க யாரும் இல்லாவிட்டால் எந்த நடைபாதையும் வாகன நிறுத்தமாகிவிடும் என்பதற்கும் அதுவே சாட்சி.

வேலூருக்கு வருவோம். கோபன்ஹேகனின் குளிரைப் பற்றி அவர்கள் கேலி செய்ததைப் போல நம் வெயிலைப் பற்றி யாராவது கேலி செய்தால் அவரை நான் மறுக்க மாட்டேன். வெயிலூர் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் பகல் பதினொரு மணிக்கு 'மகிழ்ச்சி வீதி' நடத்துபவர் மகிழ்ச்சியின் எதிரி. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு தோறும் காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள் என்றால், அது மலைமேல் இருக்கும் குளிர்ந்த ஊர். அந்தக் கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே மாட்டக் கூடாது. நமக்கு ஏற்ற நேரம் மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை. அதுவும் முதலில் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் போதும்.

மண்டி என்றால் மூட்டை. மூட்டை என்றால் லாரி. சரக்கு இறங்கும் விடியற்காலையும் முற்பகலும் வீதி வண்டிகளுக்கே உரியது. அதில் கை வைத்தால் சுமை தூக்குபவரின் கூலியில் கை வைத்ததாகும். ஆகவே மாலைச் சோதனையை அறிவிக்கும் முன்பு சங்கத்திடம் மட்டுமன்றி, சுமைப்பணித் தொழிலாளர்களிடமும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களிடமும் கேட்க வேண்டும். எந்தத் தெருவை மூடினால் எந்த ஆட்டோ எங்கே திரும்ப முடியாமல் சிக்கும் என்பது பொறியாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு எண்ணுங்கள். இதுதான் நம் ஊர்களில் யாரும் செய்யாத வேலை. கோபன்ஹேகனில் யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் பல ஆண்டுகளாகச் செய்த எளிய முறை ஒன்று இருக்கிறது: ஓர் இடத்தில் நின்றுகொண்டு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் கடந்து செல்பவர்களை எண்ணி, அதை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்தின் கணக்குத் தோராயமாகக் கிடைத்துவிடும். உங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நான்கு பேரும் நான்கு அட்டைகளும் இருந்தால் போதும். சோதனைக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் சோதனை நாள்களிலும் எண்ணச் சொல்லுங்கள். நடப்பவர், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று மூன்று பத்தி, அவற்றுக்குள் பெண்கள் எத்தனை, முதியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை. பொது இடங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கில் கண்டறிந்த ஓர் உண்மை நமக்கு உடனே பயன்படும்: பெண்கள் கூடுதலாக வந்து அமரும் இடமே நல்ல இடம், அவர்கள் குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. உங்கள் மாணவிகளின் அட்டையில் பெண்களின் எண்ணிக்கை ஏறினால் கடைக்காரர்களிடம் வாதம் செய்ய வேண்டிய அவசியமே இராது. அட்டையை நீட்டினால் போதும். எண்ணிக்கை ஏறவில்லையென்றால், நேர்மையாக அந்த முயற்சியைக் கைவிட்டு வேறு தெருவைப் பாருங்கள்.

கேள்வி: ஊர் நடுவில் 'ஐ லவ் வேலூர்' என்று பெரிய எழுத்துகள் வைத்துச் செல்ஃபி எடுக்கும் இடம் அமைத்தால் இளைஞர்கள் வருவார்களா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வருவார்கள். நான்கு நிமிடம் நிற்பார்கள். ஐந்தாவது நிமிடம் தேநீர் குடிக்க எங்கே போவது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஊருக்கு எழுத்துகள் தேவையில்லை.

கேள்வி: பாபு ராவ் தெருவுக்கு அருகில் குடியிருக்கிறோம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளி மாநிலத்தவர்களால் எங்கள் பகுதியே வேறு ஊராகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவதைத் தவிர்க்கிறார்கள். 'சமூகத்தை ஈடுபடுத்துவது' என்று எழுதுகிறீர்கள், இங்கே எந்தச் சமூகத்தை ஈடுபடுத்துவது?
— இல்லத்தரசி, வேலூர்

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காந்தி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஷட்டர் இறக்கியிருந்த ஒரு துணிக்கடையின் படியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதியர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் வைத்த பெரிய உறை, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், தினத்தாள் பொட்டலத்தில் கொஞ்சம் பொரி. அந்தப் பொரியை அவர்கள் மொழியில் முடி என்பார்கள். நம் தெருக்களில் அந்தச் சொல் வங்காளி எழுத்தில் பலகையாகவே தொங்குகிறது. கணவர் துண்டை விரித்துப் படுக்கப் பார்த்தார். அவருடைய விலாவில் ஏதோ குத்தியதால் எழுந்து உட்கார்ந்துவிட்டார். படியின் விளிம்பில் யாரும் அமரக் கூடாதென்று வரிசையாகக் கூர்க்கம்பி பதித்திருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது தண்ணீர் தெளிப்பார்கள், அப்போது அவர்கள் அடுத்த கடையின் படிக்குப் போக வேண்டும். சாலையின் இரு பக்கமும் பார்த்தேன். காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடம் என்று ஒன்றுகூடத் தென்படவில்லை.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ மக்களை வரவழைக்கிறது. அவர்கள் ஒருநாள் விருந்தாளிகளும் அல்லர். பரிசோதனை, முடிவு, மறு பரிசோதனை என்று இரண்டு வாரம், சிலர் இரண்டு மாதம்கூடத் தங்குகிறார்கள். லாட்ஜ் அறையில் மண்ணெண்ணெய் அடுப்புக்கோ சிறு கேஸ் அடுப்புக்கோ சொல்லிவைத்துச் சமைக்கிறார்கள், நேதாஜி மார்க்கெட்டில் பேரம் பேசுகிறார்கள், நம் கடைக்காரர்கள் அவர்களுக்காகவே வங்காளியும் இந்தியும் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேலூரின் நடுப்பகுதி செத்துவிட்டது என்று எழுதும் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. மற்ற ஊர்கள் எவ்வளவு செலவழித்தும் வரவழைக்க முடியாத கூட்டம் நம் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது, உட்கார இடமின்றி.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தத் தெருவில் இன்று யார் இருக்கிறார்களோ அவர்கள்தாம் அந்தத் தெருவின் சமூகம். நீங்களும் அதில் சேர்த்தி, பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவர்களும் சேர்த்தி. நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு முன்பக்கம் திண்ணை வைத்தவர்கள் வழிப்போக்கர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு உட்கார வைத்ததில்லை. இன்றைய நகரவியலார், வீடும் வேலையிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்', 'சிறு பூங்கா' என்றெல்லாம் பெயர் வைத்து விற்பனை செய்வதில் பாதி அந்தத் திண்ணைதான்.

செய்யக்கூடியது என்ன? உங்கள் தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சம்மதித்தால், கடை திறக்கும் வரை தங்கள் படியில் உட்காரலாம் என்று தமிழ், வங்காளி, இந்தி மூன்றிலும் எழுதிய ஒரு சிறு அட்டையை ஷட்டரில் ஒட்டலாம். செலவு அச்சுக் கூலி மட்டும். கூர்க்கம்பியை அறுத்தெடுக்க ஒரு வெல்டர் போதும். கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, தபால் நிலையம் எங்கே, கோட்டைக்கு எந்த வழி, நடந்தால் எத்தனை நிமிடம் என்று ஒரு தெருப்படத்தைக் கையால் வரைந்து சுவரில் மாட்டலாம். அதைப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தால் இன்னும் அழகாக இருக்கும். காத்திருப்பவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது, மனம் மட்டும் சரியில்லை. மாலையில் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போக நம் கல்லூரிப் பிள்ளைகள் முன்வரலாம். சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று எழுந்த இடத்தையும், நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து 1981-இல் மீண்டும் வழிபாடு வந்த ஜலகண்டேசுவரர் கோயிலையும், அதே மதிலுக்குள் இருக்கும் மசூதியையும் தேவாலயத்தையும் காட்டி, இந்தியும் ஆங்கிலமும் கலந்து கதை சொல்லட்டும். அகழியோரம் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பும் ஒருவர் மறுநாள் உங்களைத் தெருவில் பார்த்தால் தலையசைப்பார். ஒரு தெரு பழையபடி ஊராவது அப்படித்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பழைய பேருந்து நிலையம் அருகிலும் அண்ணா சாலையிலும் தள்ளுவண்டிகளை முழுவதுமாக அகற்றிவிட்டால் நடுப்பகுதி அழகாகிவிடாதா?
— ஓய்வுபெற்ற அரசு அலுவலர், தோட்டப்பாளையம்

பதில்: அகலமாகும், அழகாகுமா என்பது வேறு. இரவு ஒன்பதரைக்குக் கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வண்டிக்காரரின் விளக்குதான் துணை. வீதியைக் காக்கும் கண்கள் வீதியில் தொழில் செய்பவர்களின் கண்களே என்று அமெரிக்காவின் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே எழுதினார். அதைப் படிக்காமலேயே நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள், "ஆளரவம் இருக்கிற வழியாகப் போ" என்று.

சட்டமும் நீங்கள் நினைப்பது போல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், அது முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, பிறகும் இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்த இடத்தில் விற்கலாம், எங்கே கூடாது என்று பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். நடைபாதையில் நடப்பவருக்கு ஒதுக்க வேண்டிய தெளிவான அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதை ஒரு வெள்ளைக் கோடாகத் தரையில் போட்டுவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் நடை என்று வைத்தால் உங்கள் குறையும் தீரும், வேர்க்கடலை விற்பவரின் பிழைப்பும் கெடாது. கோடு போடுவதற்கு முன் வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினால், போட்ட கோட்டை அவர்களே காவல் காப்பார்கள்.

கேள்வி: வாலாஜாப்பேட்டை கடைத்தெருவில் அப்பா விட்டுச் சென்ற கடை நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. நல்ல வாடகைக்கு ஆள் வரவில்லை. குறைந்த வாடகைக்கு விட்டால் அப்புறம் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம். தெருவில் இன்னும் சில கடைகள் இப்படியே.
— தனியார் நிறுவன ஊழியர், சென்னை

பதில்: உங்கள் பயம்தான் பூட்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் இதே பூட்டை மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் வேறு விதமாகத் திறந்தார். பெரிய கடைவீதி முழுவதும் காலிக் கடைகள். அவர் உரிமையாளர்களிடம் போய் வாடகை ஒப்பந்தம் கேட்கவில்லை, முப்பது நாளுக்கான பயன்பாட்டு அனுமதி மட்டும் கேட்டார். முப்பது நாள் முடிந்தால் அடுத்த முப்பது நாள். நல்ல வாடகைதாரர் வந்துவிட்டால் காலி செய்துவிட வேண்டும். அந்த இடங்களைக் கைவினைஞர்கள், ஓவியர்கள், தையல்காரர்கள், சிறு தொழில் தொடங்குபவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் கூட்டிப் பெருக்கி விளக்குப் போட்டார்கள். கடை திறந்திருந்ததால் தெருவுக்கு ஆள் வந்தது, ஆள் வந்ததால் பக்கத்துக் காலிக் கடைக்கு உண்மையான வாடகைதாரரும் வந்தார்.

நம் பக்கத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. 1866-லேயே நகராட்சியான ஊர் உங்களுடையது. பட்டுத்தறி இன்னும் ஓடும் வீடுகள் அங்கே இருக்கின்றன. பொங்கலுக்கு முந்தைய முப்பது நாள்களுக்கு மட்டும், மின்கட்டணம் அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு நெசவாளர் குடும்பங்களுக்கோ ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கோ கடையைக் கொடுத்துப் பாருங்கள். வழக்கறிஞரிடம் காட்டி, இது வாடகை அன்று, தற்காலிக அனுமதி என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகளாகப் பூட்டிய ஷட்டர் துருப்பிடித்திருக்கும், முதலில் அதற்கு எண்ணெய் போட ஆள் பாருங்கள்.

கேள்வி: யோசனைகள் எல்லாம் சரி. யாரிடம் போய்க் கேட்பது? பணத்துக்கு என்ன செய்வது? வேலூர் 2016-இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தபோதும் எங்களிடம் கருத்துக் கேட்டதாக நினைவில்லை.
— குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர், வேலூர்

பதில்: கேட்க வேண்டிய இடம் சட்டப்படி இப்போது இருக்கிறது, அதில் நாம் போய் உட்காருவதில்லை. மூன்று இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1992-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அதன்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் பகுதி சபையின் உறுப்பினர்களாகிறார்கள். கிராம சபையின் நகரத்துத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் இது பொருந்தும்.

அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது "எங்கள் பகுதியை மேம்படுத்துங்கள்" என்று மனு கொடுக்காதீர்கள். அதற்கு "ஆவன செய்யப்படும்" என்ற பதில் அச்சடித்தே வைத்திருப்பார்கள். இந்த மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை இந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நாற்காலி எங்களுடையது, தடுப்பு மட்டும் உங்களுடையது என்று கேளுங்கள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டிய கோரிக்கையாக அது இருக்க வேண்டும்.

பணத்துக்கு, 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. ஆனால் அதற்கும் முன்பு செய்து பார்ப்பதற்குப் பெரும்பணம் தேவையில்லை. கோட்டையைச் சுற்றிய பகுதியில் சிமெண்டுக்கு வாய்ப்பும் குறைவு: பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இதைத் தடையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய நாற்காலி, அவிழ்க்கக்கூடிய பந்தல், உருட்டிச் செல்லும் புத்தக வண்டி இவற்றை முதலில் யோசிக்க நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. தொல்லியல் துறையின் நிலத்துக்குள் வைப்பதானால் அவற்றுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இரண்டு சிமெண்டு பெஞ்சு போட்டோம். யாரிடமும் கேட்கவில்லை, நல்ல காரியம்தானே என்ற எண்ணம். எதிர்வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இரவில் இளைஞர்கள் உட்கார்ந்து சத்தம் போடுகிறார்கள் என்று அவர் புகார் கொடுக்க, ஒரு நாள் காலை வண்டி வந்து பெஞ்சுகளைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. அவர்மேல் வெகுநாள் கோபமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் வாசலுக்கு நேரே பெஞ்சு போட்ட நாங்கள் அவருடைய வீட்டு மணியை ஒருமுறைகூட அடிக்கவில்லை. இப்போது அதே மரத்தடியில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு அவற்றை எடுத்து உள்ளே அடுக்கிவைக்கும் பொறுப்பு அதே எதிர்வீட்டுக்காரருடையது. முதல் நாற்காலியை வாங்கித் தந்தவரும் அவர்தான்.